சொந்த ஊருக்குச் சுற்றுலா வந்தவன்

“கேமராவ நீட்டி, ‘ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா’ன்னு கேட்டுட்டான்டி. கையெல்லாம் செதிலா இருக்குன்னு காட்டித் தப்பிச்சேன். மறுபடி வந்தான்னா என்ன சொல்றதாம்?”

“யாரு?”

“யாரா? உன் புருஷன்தான். வேற எவன் என் கடை முன்னாடி நின்னு, இந்த மீனுக்கு என்ன பேருன்னு வருஷா வருஷம் கேக்கறான்?”

டோருன் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மீன் சந்தையில் ஒட்னியின் கடைக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, அவள் தினமும் காப்பி குடிக்க உட்காரும் முக்காலி ஒன்று உண்டு. அன்று காப்பி ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

“நெசமா கேட்டானா? வாயால?”

“வாயாலதான். பின்ன மூக்காலயா கேப்பான்?” என்று சொன்ன ஒட்னி, சொன்ன வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சால்மனை எடுத்து, ஏற்கெனவே கழுவிய அதை மறுபடி கழுவினாள். “கோவிச்சுக்காதடி. பதட்டம் வந்துச்சுன்னா எனக்கு வாய் தானா ஓடும்.”

டோருனின் கணவன் ஐலிஃப் கடலில் மூழ்கிப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்று காலை அவன் பெர்கன் துறைமுகத்தில், வெள்ளைக் கப்பலில் இருந்து, மஞ்சள் மழைக்கோட்டும் கழுத்தில் கேமராவுமாக மற்றப் பயணிகளோடு வரிசையில் இறங்கினான். அந்தக் கப்பல் எறிந்த முன்வடத்தை வாங்கிக் கரையிலிருந்த இரும்பு முளையில் மாட்டியவள் டோருன்தான். அது அவள் வேலை. கப்பல் வந்தால் வடத்தை மாட்டுவாள், போனால் கழற்றுவாள்.

அந்தக் கப்பலைப் பற்றி ஊரில் யாருக்கும் பெரிய வியப்பு கிடையாது. கோடைக்கால உல்லாசக் கப்பல்களெல்லாம் வந்து போன பிறகு, ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அது வரும். துறைமுக அட்டவணையில் அதற்குப் பெயர் இருக்காது. ஆனாலும் அந்த வாரம் வேறு எந்தக் கப்பலுக்கும் கொடுக்காமல் ஒரு துறையைக் காலியாக விட்டுவைப்பார்கள், மழை வரும் என்று தெரிந்து வாளியை வெளியே வைப்பதுபோல. அதில் வருகிறவர்கள் எல்லாரும் இந்த ஊரில் பிறந்து, கடலில் போய், உடம்பு கிடைக்காதவர்கள். பிள்ளை குட்டியைத் தேடிக்கொண்டு வருவதாக நினைத்துவிடக் கூடாது. சுற்றுலாவுக்கு வருவார்கள். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தாங்கள் வளர்ந்த தெருவுக்கே வழி கேட்பார்கள். மலை ரயிலில் மேலே போய், தங்களுக்குக் கல்யாணம் நடந்த தேவாலயத்தைக் கை நீட்டிக் காட்டி, அது என்ன கட்டடம் என்பார்கள். புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல, ஒவ்வொரு சொல்லாக வைத்து நம் பாஷையைப் பேசுவார்கள். எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம், மழை பெய்தால் அவர்கள் அண்ணாந்து பார்த்து ஆச்சரியப்படுவதைத்தான் தாங்க முடியாது என்று ஊரில் சொல்வார்கள். பெர்கனில் பிறந்தவன் மழைக்கு ஆச்சரியப்பட்டால் அவன் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்! மாலை ஆறு மணிக்குக் கப்பல் சங்கு ஊதும். பொட்டலங்களோடு வரிசையில் நின்று ஏறிப் போய்விடுவார்கள்.

நம் ஊர்க்காரர்கள் வாய் ஓயாதவர்கள் என்று நாடு முழுக்கப் பெயர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் இறங்குவதற்குள் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லி முடிக்கிற ஆட்கள். அந்த ஒரு நாள் மட்டும் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். முதல் தடவை கப்பல் வந்தபோது ஒரு தாய் தன் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். அவன் நின்று, திரும்பி, மரியாதையாகச் சிரித்து, “ஆள் மாறிடுச்சு போலிருக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அந்தத் தாய் பேசவில்லை. அன்றிலிருந்து யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வழி கேட்டால் வழி சொல்வார்கள், காப்பி கேட்டால் காப்பி கொடுப்பார்கள், நல்ல நாளாகப் பார்த்து வந்தீர்கள் என்பார்கள்.

படம் எடுக்கும் சங்கதி தெரியவரக் கொஞ்சம் காலம் பிடித்தது. ஒட்னியின் தம்பி நான்கு வருஷம் தவறாமல் வந்தான். நான்காவது வருஷம் அவள் கடை முன்னால் நின்று, மீன் தட்டுகள் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னான். அதிலென்ன என்று எடுத்துக் கொடுத்தாள். அவன் அந்தப் படத்தைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், வருஷக்கணக்காக இடுங்கியிருந்த ஏதோ ஒன்று அவன் முகத்தில் தளர்ந்தது. அடுத்த ஆகஸ்டில் வரவில்லை. அதற்கடுத்த ஆகஸ்டிலும் இல்லை. இப்படியே இன்னும் சில வீடுகளில் நடந்த பிறகு ஊருக்குப் புரிந்தது: ஒரு ஊரில் தான் நிற்பதுபோல் ஒரு படம் எடுத்துக்கொண்ட பயணிக்கு அந்த ஊரில் மேற்கொண்டு வேலை இல்லை. வந்த காரியம் முடிந்தது, அவ்வளவுதான். அதனால் அந்தப் பொத்தானை அழுத்துவது வீட்டாருக்கு மட்டுமே உரிய காரியம் என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. வேறு யாரிடம் கேட்டாலும் கை ஈரம், கண்ணாடி இல்லை, இந்த மாதிரி கேமரா பழக்கமில்லை என்று ஏதாவது சொல்லி நகர்த்திவிடுவார்கள்.

வீட்டாரே மறுத்தால் என்ன ஆகும் என்பது ஹால்வரால் தெரிந்தது. ஹால்வர் டோருனோடு துறையில் வேலை செய்பவர். கப்பலின் முன்வடம் அவளுக்கு, பின்வடம் அவருக்கு. அவருடைய மனைவி ஹெர்திஸ், பாறைக்கு அடியில் குளிக்க இறங்கிய இடத்தில் கடல் கொண்டுபோனவள். அவள் ஒரு வருஷம் கேமராவை நீட்டிக் கேட்டபோது, ஹால்வர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேமரா கெட்டுப்போயிருக்கிறது என்று பொய் சொன்னார். அவள் நம்பினாள். அடுத்த வருஷம் கேமரா இல்லாமல் வந்தாள். அதற்கடுத்த வருஷம் வரைபடம் இல்லை. பிறகு வழி கேட்பதை நிறுத்தினாள். இப்போதெல்லாம் கப்பலில் இருந்து இறங்கித் துறையிலேயே இருக்கும் பெஞ்சில் உட்காருவாள். சங்கு ஊதும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மதியம் ஹால்வர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாளில் சுற்றி எடுத்துவந்த ரொட்டியில் பாதியைக் கொடுப்பார். அவள் நன்றி சொல்வாள். “வர்றாள்ல, அது போதும்,” என்பார் ஹால்வர். அதைச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்.

ஐலிஃப் இதுவரை கேட்டதில்லை. அதைத்தான் டோருன் தன்னுடைய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐலிஃப் படகுப் பட்டறையில் தச்சனாக இருந்தவன். கையில் உளி இல்லாத நேரம் கேமரா இருக்கும். குடும்பத்தில் எல்லாப் படங்களையும் எடுத்தவன் அவன்தான் என்பதால், எந்தப் படத்திலும் அவன் இல்லை. மகள் இல்வா முதல் அடி வைக்கிற படத்தில் புல்மேல் அவனுடைய நிழல் விழுந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் படம் ஒன்றின் ஓரத்தில் அவன் கட்டை விரல் மங்கலாகத் தெரிகிறது. அவ்வளவுதான் டோருன் வசம் இருப்பது. அவன் கடலோடு போன அந்த வருஷத்து மே மாதம், துறைமுகத்தைப் பார்த்த மாதிரி மலைச்சரிவில் நிற்கும் தங்கள் மரவீட்டுக்கு அவன் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். மூன்று பக்கம் முடிந்தது. கடலைப் பார்த்த சுவருக்குத்தான் காற்றும் உப்பும் அதிகம், நன்றாக உலர்ந்த நாள் வேண்டும், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். உலர்ந்த நாளுக்குக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருப்பானேன் என்று சின்னப் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்பினான்.

“மழை விடட்டுமே,” என்றாள் டோருன்.

“இந்த ஊர்ல மழை விட்டப்புறம் போறதுன்னா நான் பொறக்கவே இன்னும் நாளிருக்கு,” என்றான்.

படகு கிடைத்தது. தூண்டில்கூடக் கிடைத்தது. அந்தச் சுவருக்கு டோருன் அதன் பிறகு வெள்ளை அடிக்கவில்லை. பழைய சிவப்புச் சாயம் வெளிறி, உரிந்து, செதில் செதிலாகத் தொங்கியது. பக்கத்து வீட்டார், நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமையில் அடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஊர் வழக்கம் அதுதான். வாஃபிள் அப்பமும் காப்பியும் கொடுத்தால் தெருவே வந்து வேலை செய்யும். அவள் வேண்டாம் என்றாள். அது அவன் பாக்கி வைத்த வேலை, அவனே வந்து முடிப்பான் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெருவுக்குப் புரிந்தது.

அவன் மறு வருஷமே வந்தான். ஒவ்வொரு வருஷமும் மலைப்படிகளில் ஏறி வந்து, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவான். “யார் வீடுங்க இது? மூணு பக்கம் அடிச்சிட்டு ஒரு பக்கத்த இப்படி விட்டிருக்காங்களே. மரம் ஈரம் குடிக்குது பாருங்க,” என்று, வாசலில் நிற்கும் டோருனிடமே குறை சொல்வான். “வீட்டுக்காரர் சோம்பேறி போல,” என்பான். “சோம்பேறியெல்லாம் இல்லங்க, வெளிய போயிருக்காரு,” என்பாள் அவள். “எப்ப வருவாரு?” “வர்ற நாள்தான்.” அவன் நம்பாத மாதிரி உதட்டைப் பிதுக்கி, சுவரைத் தவிர எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவான். அந்த ஒரு நாளுக்காக அவள் மற்ற நாட்களைக் கடத்தினாள். அவனுக்கு வயது ஏறவில்லை, அவளுக்கு ஏறியது. முதலில் “என்னங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒரு வருஷம், அவள் தலையில் நரை தெரியத் தொடங்கிய பிறகு, “அம்மா” என்று கூப்பிட்டான். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். அன்று அவள் வீட்டுக்குள் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்கு முன்பு, ஐந்தாவது வருஷம், அவள் ஒரு பிழை செய்தாள். அன்று மழை கொட்டியது. ஐலிஃப் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு நனைந்தபடி நிற்க, உள்ளே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். வெளியூர்க்காரர்கள் சேற்றுக் காலோடு அப்படியே கூடத்துக்குள் நுழைவார்கள், நாம்தான் வாசலில் காலணியைக் கழற்றுகிறவர்கள். ஐலிஃப் வாசலில் நின்றான். குனிந்து கழற்றினான். கழற்றியதைக் கீழ்த்தட்டில், நுனி சுவரைப் பார்த்தபடி, இடது ஓரத்தில் வைத்தான். அது அவன் வைக்கிற இடம். டோருன், பல வருஷப் பழக்கத்தில், பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கசக்கி, ஈரம் உறிஞ்ச அந்தக் காலணிகளுக்குள் திணித்தாள்.

அப்போது இல்வாவுக்குப் பதினோரு வயது. அவள் வாஃபிள் சுட்டு, மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே அவள் பேரைக் கேட்டான்.

“இல்வா.”

“நல்ல பேரு. யாரு வச்சது?”

“எங்கப்பா.”

“ரசனையுள்ள ஆளு,” என்றான் ஐலிஃப். இல்வா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறுவதற்குள் எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

மாலை சங்கு ஊதியது. டோருன் முளைக்குப் பக்கத்தில் நின்றாள், வடத்தைக் கழற்றவில்லை. பின்பக்கத்திலிருந்து ஹால்வர் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவரும் கையைக் கட்டிக்கொண்டார். கப்பலில் இருந்து யாரும் சத்தம் போடவில்லை. அதில் மாலுமி என்று ஒருவரை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. கட்டிப்போட்ட பசு மாதிரி அது நின்றது. கப்பல் தாமதம், நாளைக்குத்தான் கிளம்பும் என்று பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. அவர்களும் பயணிகளுக்கே உரிய பொறுமையோடு தலையாட்டினார்கள். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வீட்டார் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அழைத்துப் போனார்கள். அன்று மாலை ஊரில் எத்தனையோ வீடுகளில் நிரப்பாமல் வைத்திருந்த நாற்காலி நிரம்பியது.

விடிந்தபோது தண்ணீர் வந்திருந்தது. அவர்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில், படுத்த மெத்தையில், சட்டை மடிப்பில், உப்புத் தண்ணீர். துடைத்தால் மறுபடி ஊறியது. மாடிப்படிகளில் வழிந்து, தெருவில் ஒன்றுசேர, பேக்கரி வாசலில் கடற்பாசி ஒதுங்கியது. டோருன் ஐலிஃபின் காலணிக்குள் இருந்து நனைந்த தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளைத் திணித்தாள். அது நனைந்தது. வேறு தாள். அதுவும் நனைந்தது. வீட்டில் இருந்த தாளெல்லாம் தீர்ந்து, பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் வாங்கித் திணித்தாள். ஐலிஃப் சமையலறையில், இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மனசு கோணாமல், உபசரித்தவர்களைப் புண்படுத்தக் கூடாதே என்ற கவலையோடு கேட்டான்:

“தப்பா நினைச்சுக்காதீங்க. நல்லாக் கவனிச்சுக்கிட்டீங்க. ஆனா இந்த வீட்ல ரொம்பக் குளிருதுங்க. கப்பல் எப்பக் கிளம்பும்?”

அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையையும் அறைந்தவன் அவன். குளிர் புகாமல் இடுக்குகளை அடைத்தவன் அவன். டோருன் எழுந்து, அவனுடைய ஈரக் காலணிகளை அவன் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, துறைக்கு நடந்து போய் வடத்தைக் கழற்றினாள். ஹால்வரும் பின்வடத்தைக் கழற்றினார். அதற்குப் பிறகு அவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. வாசலோடு சரி.

இல்வா அதையெல்லாம் பார்த்து வளர்ந்தாள். பத்தொன்பது வயதாகி, ட்ரோன்ட்ஹெய்ம் நகரத்தில் படிக்க இடம் கிடைத்து, கோடைக்காலத்துக்குத் துறைமுகத்தில் வாஃபிள் வண்டி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஜூலையில் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“நான் போனப்புறம் நீ மட்டும் வாசல்ல நிப்பியாம்மா?”

“நின்னா என்ன?”

“எல்லார் வீட்லயும் ஒரு தடவைதான் சாவாங்க. நம்ம வீட்ல வருஷா வருஷம் சாவுறாரு. மறுநாள்லேருந்து நீ கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசமாட்ட.”

“பேசறேனே.”

“உப்பு எடு, கதவச் சாத்து. அதுக்குப் பேரு பேச்சா?” இல்வா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அவரும்தான் என்ன சுகப்படுறாரு சொல்லு? மூச்சு வாங்க மலை ஏறி வந்து, ஒரு சுவரப் பார்த்து எரிச்சல்பட்டுட்டுப் போறாரு. அவரு வர்றது நம்மளப் பாக்க இல்லம்மா. அந்தச் சுவர் உறுத்துது, அதான் வர்றாரு.”

“சுவரப் பத்திப் பேசாத.”

இல்வா பேசவில்லை. ஆகஸ்டில் ஐந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்தது. பெர்கனில் அப்படி நடந்தால் ஜனங்கள் வேலைக்குப் போகாமல் புல்லில் கிடப்பார்கள், அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. அந்த ஐந்தாவது நாள் டோருன் வேலை முடிந்து மலைப்படிகளில் ஏறி வந்தபோது, கடலைப் பார்த்த சுவர் வெள்ளையாக இருந்தது. ஏணியில் இல்வா உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் வெள்ளை, முடியில் வெள்ளை. பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார், மீன் நாற்றத்தோடு ஒட்னி, எல்லாரும் கையில் தூரிகையோடு, பிடிபட்ட திருடர்கள் மாதிரி நின்றார்கள். வாஃபிள் அடுக்கியிருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. டோருன் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அவள் மகளிடம் உப்பைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் ஒரு காலை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உலர்ந்திருந்தது.

இதெல்லாம் நடந்து பத்து நாளைக்குள்தான் வெள்ளைக் கப்பல் வந்தது. அதன் முன்வடத்தை அவள் மாட்டினாள். மஞ்சள் மழைக்கோட்டு இறங்கிப் போனது. ஒட்னி தன் கையில் செதில் என்று சாக்குச் சொன்னாள்.

“நீ போய்க் காப்பிய வெளிய குடி, மூச்சு முட்டுது இங்க,” என்றாள் ஒட்னி. பிறகு குரல் இறங்கி, “நான் என் தம்பிய எடுத்தப்ப எனக்குத் தெரியாது, டோருன். தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பேனான்னு இன்னிவரைக்கும் எனக்கே தெரியல. ஆனா அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே...” என்று நிறுத்தினாள். “போ. உனக்கு வேலை இருக்கு.”

அன்று மதியம் டோருன் வாசலில் நிற்கவில்லை. அவன் மலை ஏறுவதைத் துறையில் இருந்தே பார்த்தாள். சாம்பல் பாறைகளுக்கும் ஈரமான பச்சைக்கும் நடுவே மஞ்சள் புள்ளி ஒன்று ஏறிப் போய், வீட்டுக்கு முன்னால் நின்றது. வழக்கமாக இடுப்பில் கை வைக்கும் நேரத்தில் அது அசையாமல் நின்றது. பிறகு அங்கும் இங்கும் நடந்தது. பிறகு, தச்சன் தன் வேலையைத் தள்ளி நின்று பார்ப்பானே, அப்படிப் பின்னால் பின்னால் போய் வேலியில் முட்டிக்கொண்டது. பெஞ்சில் ஹெர்திஸ் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஹால்வர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றார், டோருன் கேட்காமலே. “என்கிட்ட கேக்காத. நான் செஞ்சத இதோ பாத்துக்கிட்டுத்தானே இருக்க.” ஹெர்திஸ் தன் பேச்சுதான் நடக்கிறது என்று தெரியாமல் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். இந்த வருஷம் நன்றி சொல்வதையும் அவள் மறந்திருந்தாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பயணிகள் வரிசையாகத் திரும்பினார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஐலிஃப் வரிசையில் இல்லை. டோருன் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, அவன் இல்வாவின் வாஃபிள் வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான், கேமராவை நீட்டியபடி. இல்வா இரண்டு கையையும் மேலங்கியில் துடைத்தாள். அந்தக் கைகள் கேமராவை நோக்கிப் பாதி தூரம் வந்தன. பிறகு அவள் ஏதோ சொன்னாள், துறையைக் காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டு, தூறலில் குனிந்து, முளை இருக்கும் இடத்தை நோக்கி நேராக நடந்து வந்தான். இல்வா வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் பின்னால் வந்து, கிட்டே வராமல் நின்றுகொண்டாள்.

“அந்தப் பொண்ணுதான் அனுப்பிச்சா,” என்றான். அவன் மழைக்கோட்டில் உப்பின் மணம் அடித்தது. காலணியின் கட்டு அவிழ்ந்திருந்தது. எப்போதும் இடது கால்தான் அவிழும். “கயிறு போடற அம்மா நல்லா எடுப்பாங்க, அவங்கதான் எடுக்கணும்னு சொன்னா. காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன், இந்த ஊர்ல ஒருத்தருக்கும் படம் எடுக்கத் தெரியல போல.” சிரித்தான். “மேல ஒரு வீடு பாத்தேன். எங்க பாத்தேன்னு ஞாபகமில்ல, அந்த வீட்ட இதுக்கு முன்னாடி எப்பவோ பாதி வேலையா பாத்த மாதிரி இருந்துச்சு. இப்ப முடிச்சிட்டாங்க. நல்லா வேலை தெரிஞ்ச ஆளு அடிச்சிருக்கான். ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு.”

“என் பொண்ணு அடிச்சா,” என்றாள் டோருன்.

“அப்படியா? யாருகிட்ட கத்துக்கிட்டா?”

அவள் இல்வா நின்ற பக்கம் பார்த்தாள். கப்பல் சங்கு ஊதியது. மற்ற எல்லாரும் ஏறி முடித்திருந்தார்கள். ஹால்வர் ஹெர்திஸைக் கைப்பிடித்து ஏணிப்படி வரை கொண்டுவிட்டு வந்து, பின்வடத்துக்குப் பக்கத்தில் நின்று, கழற்றட்டுமா என்று இவள் பக்கம் பார்த்தார். முளையில் வடம் முறுகி, தண்ணீரைச் சொட்டிக்கொண்டு இருந்தது. டோருன் கையுறைகளைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. ஐலிஃப் கேமராவின் வாரைத் தலைவழியாக எடுத்து, கண்ணாடியில் விழுந்திருந்த தூறலைச் சட்டைக் கையால் துடைத்து, அவளுடைய வெறும் கையில் வைத்தான். அவன் விரல்கள் அவள் உள்ளங்கையில் ஒரு நொடி பட்டன. கடலைப் போலச் சில்லென்று இருந்தன. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் கேமராவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். எப்படி நிற்பது என்று தெரியாமல் கையை மடித்தான், நீட்டினான், கடைசியில் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவள் கண்ணுக்கு நேரே சின்னச் சதுரத்துக்குள் மழை இருந்தது, துறைமுகம் இருந்தது, மலை இருந்தது, நான்கு பக்கமும் வெள்ளையான வீடு இருந்தது. அதற்கு முன்னால் ஐலிஃப் இருந்தான்.

“அம்மா, நான் கொஞ்சம் தள்ளி நிக்கிறேன், வீடு மறைக்கக் கூடாது,” என்று ஒரு அடி எடுத்து வைத்து, ஈர முடியை நெற்றியில் இருந்து ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான். “ஒரே ஒரு படம் எடுத்துக் குடுத்துடுங்களேன்?”